மழைத்தண்ணீர் போகும் வழியே ஒரு மரபு நடை: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். அந்த வாரத்தில் வரும் சனிக்கிழமை காலை, நம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஊரை நடந்தே சுற்றிக் காட்டப்போகிறார்கள். அதற்கான அளவெடுப்பு அடுத்த வாரமே தொடங்குகிறது.

செட்டிநாடு பார்க்க வருகிறவர்கள் கானாடுகாத்தானில் ஒரு வீடு, ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை, பிள்ளையார்பட்டியில் கும்பிடு, காரைக்குடியில் சாப்பாடு என்று ஒரே பகலில் முடித்துவிடுகிறார்கள். நம்மைப் போன்ற ஊர்களில் வண்டி நிற்பதில்லை. வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, வெளியே நின்று எதைப் பார்ப்பது என்று சொல்லவும் ஆளில்லை. ஆனால் 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றபோது, வீடுகளோடு ஊரமைப்பும் கணக்கில் வந்தது. நேர்க்கோடாக ஓடும் தெருக்கள், ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீடுகள், மழைத்தண்ணீரைச் சேர்க்கும் ஊருணிகள் எல்லாம் அதில் அடக்கம். இவற்றைக் காட்ட யார் வீட்டுச் சாவியும் வேண்டாம். அதனால்தான் தண்ணீர் போகிற வழியையே நடைக்கான பாதையாக வைத்திருக்கிறோம்.

தட்டோட்டுக் கூரையில் விழுகிற மழை, வீட்டின் நடுவே திறந்திருக்கும் வளவு முற்றத்தில் இறங்கும். அண்டாக்கள் நிறைந்தது போக மிச்சம் தெரு வாய்க்காலுக்கு வந்து, ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வழியே ஊருணியைச் சேரும். பிள்ளைகள் நான்கு பேர் ஒரு குழுவாக, 30 மீட்டர் டேப்பும் சாக்பீஸும் கொண்டு இந்த வழியைக் குறிப்பார்கள். எங்கே அடைபட்டிருக்கிறது, எதனால் என்று எழுதுவார்கள். பெரும்பாலும் காரணம் ரோடுதான். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் தெரு உயர்ந்து, முகப்புப் படிகள் புதைந்து, வாய்க்கால் வாய் மூடிப்போகிறது. ஊருணிக்குப் போகவேண்டிய தண்ணீர் வாசலுக்குள் வருகிறது. ஒவ்வொரு வாசலிலும் எத்தனை படி தெரிகிறது, தெருவிலிருந்து திண்ணை எவ்வளவு உயரம் என்று அளந்து வைத்தால், அடுத்த முறை ரோடு போட வரும்போது கையில் காட்ட ஒரு கணக்கு இருக்கும். ஊருணியில் செம்புறாங்கல் படிக்கட்டு சரிந்த இடங்களையும் அப்படியே குறிப்பார்கள். பாசிப்படியில் யாரையும் இறங்க விடமாட்டோம். கரையில் ஆசிரியர் இருவர் நிற்பார்கள்.

நடைக்கு எட்டு நிறுத்தம், ஒன்றரை மணி நேரம், ஒரு குழுவில் வருகிறவர்கள் 12 பேருக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் பின்னால் நிற்பவர்களுக்குப் பிள்ளைகள் பேசுவது கேட்காது, தெருவும் அடைபடும். ஒரு நிறுத்தத்தில் ஒரு பிள்ளை மூன்று நிமிடம் பேசினால் போதும். பள்ளிக் கழிப்பறையும் குடிநீரும் அன்று திறந்திருக்கும். இந்த இரண்டும் இல்லாத ஊரில் எவ்வளவு அழகு இருந்தாலும் யாரும் ஒரு மணி நேரம் தங்கமாட்டார்கள். வருகிறவர்களிடம் பிள்ளைகள் பணமோ பரிசோ வாங்கக்கூடாது.

உங்களில் பலர் பெரிய வீடுகளைப் பராமரிக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். சுண்ணாம்புச் சுவரில் பூச்சு உதிர்ந்தால் சிமெண்ட் வைத்து அடைக்காதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அதை மறித்துவிடும். வெளியேற வழியில்லாத ஈரம் உப்போடு பக்கத்தில் ஏறி, நன்றாக இருந்த பூச்சையும் கொப்புளமாகத் தள்ளும். முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்த சுவருக்கு மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தாலும் இதே கதிதான். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்கும்வரை அப்படியே விட்டுவைப்பது மேல். ஆத்தங்குடி டைல்ஸுக்கு ஆசிட் ஊற்றவே கூடாது. அது சூளையில் சுட்டதல்ல. கண்ணாடித் தட்டின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி வார்த்தது. அந்தப் பளபளப்பு கண்ணாடி தந்தது. ஆசிட் பட்டால் மேல்பூச்சு அரித்துப் பூவே வெளுத்துப்போகும். வெறும் தண்ணீர் துடைப்பும் எப்போதாவது துளி தேங்காய் எண்ணெயும் போதும்.

முகப்பைக் காட்ட இசைகிற வீட்டார் சொல்லியனுப்புங்கள். வீட்டில் உரிமையுள்ள பங்காளிகள் பல புள்ளிகளாக, அதாவது பல குடும்பங்களாக இருந்தால் எல்லோரிடமும் கேட்டுவிடுங்கள். ஒருவர் சம்மதத்தோடு திறந்து, இன்னொருவர் சென்னையிலிருந்து போன் போட்டால் பிள்ளைகள் முன்னால் சங்கடமாகிவிடும். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. நிலைக்கதவும் தேக்குத் தூணும் இருக்கும் வீட்டை ஊர்ப் பெயரோடு இணையத்தில் போட்டால், ஆளில்லாத வீட்டுக்குத் திருடனைக் கூப்பிட்டது போலாகும்.

பிள்ளைகளுக்குத் தொப்பி, தண்ணீர் பாட்டில், பிடிமானமுள்ள செருப்பு கொடுத்தனுப்புங்கள். இணைத்துள்ள சம்மதச் சீட்டில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள். வீட்டில் பழைய ஊருணிப் படமோ தெருப் படமோ இருந்தால் அதையும் கொடுத்தனுப்பலாம். பிரதி எடுத்துக்கொண்டு அன்று மாலையே திருப்பித் தந்துவிடுவோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்