பழைய மேண்டலின்: விளம்பரத்தில் சொன்னது வேறு, வந்த பொருள் வேறு

உவர்மலை,
திருகோணமலை.

முகாமையாளர் அவர்களுக்கு,

உங்களிடம் 95,000 ரூபாவுக்கு வாங்கிய இத்தாலிய மேண்டலின் பற்றிய புகார் இது. "அசல் நிலை, வெடிப்பு இல்லை, உடனே வாசிக்கலாம்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தீர்கள். மூன்றில் ஒன்றுகூடச் சரியில்லை.

நேப்பிள்ஸ் பாணி வாத்தியம் என்பது உண்மை. மெல்லிய மரப்பட்டிகளை ஒட்டிச் செய்த, பாதிப் பூசணி போன்ற முதுகு. ஸ்புரூஸ் மரத்து முகப்பலகை, நீள்வட்டத் துளை, நான்கு சோடித் தந்திகள். வேலைப்பாடு அழகுதான், மறுக்கவில்லை.

தொலைபேசியில் முறையிட்டபோது, "முகப்பலகை வளைந்துதான் இருக்கும், அந்தக் காலத்து முறை அது" என்றார் உங்கள் ஊழியர். பாதிதான் சரி. தந்தியின் அழுத்தத்தைத் தாங்குவதற்காக, குதிரைக்கு, அதாவது முகப்பலகைமேல் தந்திகளைத் தாங்கும் கட்டைக்கு, சற்றுப் பின்னால் பலகையை வால்பக்கமாகச் சரித்து வளைப்பார்கள். என்னிடம் வந்ததில் பள்ளம் விழுந்திருப்பது குதிரைக்கும் துளைக்கும் நடுவில். அது செய்தவர் வளைத்ததல்ல, பலகை அமிழ்ந்தது. துளை வழியே சின்னக் கண்ணாடியும் டோர்ச்சும் வைத்துப் பார்த்தேன். உள்ளே குறுக்குச் சட்டம் ஒன்று ஒரு முனையில் கழன்று நிற்கிறது. இந்த நிலையில் நீங்கள் பூட்டி அனுப்பியிருப்பதோ தடித்த புதுத் தந்தி! இவ்வளவு பழைய வாத்தியத்துக்கு மெல்லிய தந்திதான் போட வேண்டும்.

கழுத்தும் முன்னால் இழுபட்டுவிட்டது. கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகளில் 12 ஆவதற்கு, அதாவது 12 ஆம் மெட்டுக்கு மேல், தந்தி 5 மில்லிமீற்றர் உயரத்தில் நிற்கிறது. 2 என்றால் வாசிக்கலாம், 5 என்றால் விரல்தான் புண்ணாகும்.

அதைவிட மோசம் முதுகு. இரண்டு பட்டிகளுக்கு நடுவில் உள்ள வெடிப்பை எபொக்சிப் பசையால் அடைத்து, மேலே வார்னிஷ் பூசி மறைத்திருக்கிறார்கள். பழைய முறை வச்சிரப் பசை என்றால் சூடும் ஈரமும் காட்டி இளக்கித் திரும்ப ஒட்டலாம். இதைப் பிரிக்கப்போனால் மரமும் சேர்ந்தல்லவா பெயரும்? தந்தி மாட்டும் தகட்டின் துருவைப் பற்றி நான் பேசவில்லை. கடற்கரை ஊர்க்காரனுக்குத் துரு புதிதல்ல.

அப்புறம், "மேண்டலின் ஸ்ரீநிவாஸ் வாசித்ததும் இதே வகைதான்" என்று சொல்லி விற்றீர்கள். அவர் கச்சேரியில் வாசித்தது மின் மேண்டலின்.

முழுப் பணத்தையும் கூரியர் கட்டணத்தையும் இரண்டு வாரத்துக்குள் திருப்பித் தாருங்கள். இல்லையேல் விளம்பரப் பிரதி, பற்றுச்சீட்டு, படங்களுடன் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடுவேன்.

வாத்தியத்தை எடுத்துப்போக ஆள் அனுப்புவது உங்கள் பொறுப்பு. தந்திகளைத் தளர்த்தி வைத்திருக்கிறேன்; யாரும் மறுபடி முறுக்க வேண்டாம் என்று வருபவரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
(கையொப்பம்)