எங்கள் மூத்தோர் பயணக் கழகம்: செயலாளரின் 2025 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாக சபையினருக்கும், இந்தக் குளிரிலும் இரண்டு பஸ் மாறி வந்து அமர்ந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் என் வணக்கம்.

சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் கடைசியில் ஒரு ஐயா எழுந்து, "முப்பத்தைஞ்சு வருசமாக் கனடாவிலை இருக்கிறன். 401 நெடுஞ்சாலையையும் நயாகராவையும் விட்டால் நான் என்னத்தைக் கண்டனான்?" என்று கேட்டது நினைவிருக்கும். அன்று ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஊரிலிருந்து வருகிற ஒவ்வொரு விருந்தாளியையும் கூட்டிக்கொண்டு போய்ப் போய், அந்த நீர்வீழ்ச்சிக்கே எங்கள் முகங்கள் பழகியிருக்கும். பரப்பளவில் உலகின் இரண்டாவது பெரிய நாட்டில், ஏறக்குறைய ஒரு கோடி சதுர கிலோமீற்றரில், நாங்கள் புழங்குவது ரொறன்ரோவைச் சுற்றி ஸ்கார்பரோவுக்கும் பிரம்ரனுக்கும் இடைப்பட்ட ஒரு கீற்றில்தான். ஆகவே நிர்வாக சபை ஒரு முடிவெடுத்தது: 2025இல் நயாகரா இல்லை.

அங்கத்தவர் தொகை 74இலிருந்து 81 ஆகியிருக்கிறது. நிர்வாக சபை ஏழு தடவை கூடியது. அதில் ஒரு தடவை போதிய ஆட்கள் வராததால் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கலைந்தோம். இந்த ஆண்டு இரண்டு அங்கத்தவர்களை இழந்தோம். அறிக்கை முடிந்ததும் அவர்களுக்காக எழுந்து நிற்போம்.

மே நடுப்பகுதியில் தலைநகர் ஒட்டாவாவுக்கு ரியூலிப் பூப் பார்க்கப் போனோம். பூவைவிட அதன் கதைதான் பஸ்ஸில் வீடு வரைக்கும் பேச்சாக இருந்தது. இரண்டாம் உலகப்போரில் நெதர்லாந்து அரச குடும்பம் ஒட்டாவாவில் தஞ்சமிருந்தது. 1943இல் அங்கே இளவரசி மார்கிரீற் பிறந்தபோது, பிள்ளை நெதர்லாந்துக் குடிமகளாக மட்டும் இருக்கவேண்டும் என்பதற்காக, பிரசவ அறை கனடா மண் அல்ல என்று அரசாங்கமே அறிவித்தது. அந்த நன்றிக்குத்தான் 1945இல் ஒரு லட்சம் ரியூலிப் கிழங்குகள் வந்தன. "எங்கடை பேப்பர் கிடைக்க எத்தினை வருசம் அலைஞ்சம், அந்தப் பிள்ளைக்குக் கிடைச்சிடக் கூடாதெண்டு சட்டம் போட்டிருக்கிறாங்கள்" என்று பின் இருக்கையிலிருந்து ஒரு அக்கா சொன்னதை அறிக்கையில் சேர்க்கும்படி பலர் கேட்டதால் சேர்த்திருக்கிறேன்.

யூன் மாதம் கனனோக்வே போய் ஆயிரம் தீவுகளைப் பார்த்தோம். பெயர்தான் ஆயிரம், கணக்கு 1,864. போல்ற் கோட்டை அமெரிக்கப் பக்கத்துத் தீவில் இருப்பதால் கடவுச்சீட்டு வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் மூன்று தடவை போட்டிருந்தேன். பதினொரு பேர் கொண்டுவரவில்லை. அவர்கள் கரையில் இருந்து ஐஸ்கிறீம் சாப்பிட்டார்கள். மேலதிகமாக எழுத ஒன்றுமில்லை.

இனி நியூஃபவுண்ட்லாந்து, கனடாவின் கிழக்குக் கரைத் தீவு. யூலை இரண்டாம் வாரம், பதினான்கு பேர், ஐந்து நாள். ரொறன்ரோவிலிருந்து சென்ற் ஜோன்ஸுக்கு விமானத்தில் மூன்று மணித்தியாலம். இறங்கியதும் கடிகாரத்தை ஒன்றரை மணித்தியாலம் முன்னே தள்ளவேண்டும். அந்த அரை மணித்தியாலம் முதலில் எல்லோரையும் குழப்பியது. அப்புறம்தான் கண்டுபிடித்தோம், கோடையில் அங்கிருந்து இலங்கைக்குச் சரியாக எட்டு மணித்தியால வித்தியாசம். இத்தனை வருடம் ஒன்பதரை, பத்தரை என்று விரல் மடித்தவர்கள் முதல் தடவையாக அரையைக் கூட்டாமல் ஊருக்குத் தொலைபேசி எடுத்தார்கள்.

கேப் ஸ்பியர், கிரீன்லாந்தை விட்டால், வட அமெரிக்காவின் கிழக்கு முனை. 1836இல் கட்டிய வெளிச்சவீடு இன்னும் நிற்கிறது. அங்கே நிற்கும்போது வன்கூவரைவிட லண்டன் கிட்ட. சிக்னல் ஹில்லில் 1901 டிசம்பர் 12ஆம் திகதி வானொலி முன்னோடி மார்க்கோனி பட்டம் ஏற்றி, அத்திலாந்திக்குக்கு அப்பால் இங்கிலாந்திலிருந்து வந்த மோர்ஸ் தந்தியின் மூன்று புள்ளிகளைக் காதில் வாங்கினார். காற்று அடித்த அடியில் எங்கள் ஒரு தொப்பியும் அங்கிருந்து இங்கிலாந்துப் பக்கமாகப் போயிற்று. அந்தக் கோடை தேசிய பூங்காக்களுக்கும் வரலாற்றுத் தலங்களுக்கும் அரசாங்கம் நுழைவுக் கட்டணம் எடுக்காததால் இரண்டு இடமும் இலவசம். பொருளாளர் பயணம் முழுவதும் சிரித்த முகமாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

ஆனால் மறக்கமுடியாதது மிடில் கோவ் கடற்கரை. கேப்லின் என்றொரு சின்ன மீன், எங்கள் ஊர்ச் சாளை அளவு, கோடைத் தொடக்கத்தில் முட்டையிடக் கரைக்கு வந்து அலையோடு உருளும். சனங்கள் வாளியும் கைவலையுமாக நின்று அள்ளுவார்கள். அதைத் தின்னத்தான் திமிங்கிலங்களும் கரையோரம் வருகின்றன. எங்கள் ஆட்கள் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கியதை நான் படம் எடுத்திருக்கிறேன். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களின் பெயர்களை அவர்களின் பிள்ளைகள் அறியாமலிருப்பது நல்லது. அன்றிரவு வாடகை வீட்டில் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டிப் பொரித்தோம். மிளகாய்த்தூள் ஐந்து பெட்டிகளில் தனித்தனியாக வந்திருந்தது. ஒருவர் கொண்டுவருவார் என்று ஒருவரும் நம்பவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் மரக்கறிக்காரர்கள் பாடு திண்டாட்டம். அந்தத் தீவில் உருளைக்கிழங்கும் கோவாவும்கூட உப்பு மாட்டிறைச்சியோடுதான் அவிகிறது.

நான்காம் நாள் தெற்கே சென்ற் ஷொட்ஸ் போனோம். ஏன் போனோம் என்று இந்த மண்டபத்தில் விளக்கத் தேவையில்லை. 1986 ஓகஸ்ட் 11ஆம் திகதி, அந்தக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 ஈழத்தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றினார்கள். முதலில் கண்டவர் கஸ் டால்ற்றன் என்ற படகோட்டி. வந்தவர்கள் ஜேர்மனியிலிருந்து புறப்பட்டதை மறைத்தார்கள் என்று பத்திரிகைகள் பிறகு கிழித்தன. அந்தச் சண்டை தலைநகரத்துக்குரியது. கண்ட மீனவர்கள் ஏற்றினார்கள், அவ்வளவுதான்.

நாங்கள் கண்டது புகார், கடல் மூடுபனி. தலைக்கு முன்னால் நீட்டிய கை தெரியாத புகார். கடல் இருக்கிறது என்று சத்தத்தில்தான் தெரிந்தது. "இவ்வளவு காசு குடுத்து வந்து ஒண்டையும் காணேல்லை" என்று முறைப்பாடு வந்தது, பதிவு செய்திருக்கிறேன். அந்தப் படகுகள் கிடந்த அன்றும் புகார்தான் என்று ஒரு அண்ணை சொன்னார். அதன் பிறகு முறைப்பாடு வரவில்லை. கால் மணித்தியாலம் நின்றோம். குளிர் தாங்காமல் வாடகை வான்களுக்குள் ஏறினோம்.

திரும்பும் வழியில் ஒரு துறையில் வலை திருத்திக்கொண்டிருந்த கிழவர் ஒருவரோடு யாழ்ப்பாணத்து மயிலிட்டித் துறையில் மீன்பிடித்த எங்கள் ஐயா பேசத் தொடங்கினார். அவருடைய ஆங்கிலம் எங்களுக்கும் எங்களுடையது அவருக்கும் அரைவாசிதான் விளங்கியது. 1992 யூலையில் கொட் மீன் பிடிக்கக்கூடாது என்று அரசாங்கம் தடை போட, அந்தத் தீவில் சுமார் 30,000 பேருக்கு ஒரே நாளில் தொழில் போயிற்று. மீன் ஏன் இல்லாமற் போனது என்று ஐயா கேட்டார். கிழவர் ஒரே ஒரு சொல் சொன்னார்: றோலர். கடலடியை வாரி அள்ளும் அந்த இழுவைப்படகை அறிந்த வடபகுதி மீனவனுக்கு அந்தச் சொல்லை யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ஐயா போரால் 1990இல் மயிலிட்டியை விட்டு ஓடியவர். இராணுவம் வைத்திருந்த துறைமுகம் மறுபடி சனத்துக்குத் திறந்தது 2017இல். அவர்களுடைய தடை 2024இல்தான் முடிந்தது. எவருக்குக் கூட வருடம் என்று இரண்டு பேரும் விரலில் எண்ணினார்கள். ஐயா ஐந்து வருடத்தால் தோற்றுப்போனார். பிறகு ஐயா வலையை வாங்கி ஒரு கிழிசலைத் தானே முடிந்து கொடுத்தார். வான் நாற்பது நிமிடம் காத்திருந்தது. மேலதிக வாடகை 35 டொலரைப் பொதுச் செலவில் போட்டிருக்கிறோம். ஆட்சேபம் இருந்தால் பொருளாளர் அறிக்கையின்போது எழுப்பலாம்.

ஒக்ரோபர் தொடக்கத்தில் அல்கொன்குவின் பூங்காவுக்கு இலை நிறம் மாறுவதைப் பார்க்கப் போன பயணம் என் பிழையால் கெட்டது. அனுமதிச் சீட்டை முன்கூட்டியே எடுக்காமல் விட்டேன், வாசலில் திரும்ப வேண்டியதாயிற்று. ஹன்ற்ஸ்வில் லயன்ஸ் லுக்கவுட்டில் மேப்பிள் சிவப்பு போதுமான அளவு கிடைத்தது என்று அக்காமார் பெருந்தன்மையாகச் சொன்னார்கள். புளிச்சாதம் பஸ்ஸிலேயே முடிந்தது.

2026க்கு இரண்டு யோசனைகள் சபைக்கு வந்திருக்கின்றன. ஒன்று மேற்கே: பான்ஃப், லூயிஸ் ஏரி, அங்கிருந்து 230 கிலோமீற்றர் பனியாற்றுப் பாதையால் யாஸ்பர். 1885இல் உருவான கனடாவின் முதல் தேசிய பூங்காவான பான்ஃபை இன்னும் பார்க்கவில்லை என்பது வெட்கம்தான். ஆனால் மொரெய்ன் ஏரிக்குத் தனியார் வாகனம் 2023இலிருந்து போகமுடியாது, சிற்றுந்துக்கு முற்பதிவு வேண்டும். யாஸ்பர் நகரத்தில் மூன்றிலொரு பங்குக் கட்டடங்கள் 2024 காட்டுத்தீயில் எரிந்துபோனதால் தங்குமிடம் விலை அதிகம். மற்றது, வரும் ஓகஸ்ட்டில் நாற்பது வருடம் நிறைவதால் திரும்பவும் சென்ற் ஷொட்ஸ். இரண்டாவதை முன்மொழிந்தவர், புகாரைப் பற்றி முறைப்பாடு தந்த அதே அங்கத்தவர்.

முற்பதிவுப் பொறுப்பை இம்முறை வேறொருவரிடம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சாப்பாட்டுக் குழுவுக்கும், இரண்டு வான்களையும் புகாருக்குள் பத்திரமாக ஓட்டிய இரண்டு மருமக்களுக்கும் கழகத்தின் நன்றி. இவ்வறிக்கையைச் சபை ஏற்றுக்கொண்டால் வாக்கெடுப்புக்குப் போகலாம்.

செயலாளர்