கம்ப்யூட்டர் அடுக்கிக்குமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். போன இதழ்ல சிங்கப்பூர் நூலகங்கள் பத்தின கட்டுரை நல்லாத்தான் போச்சு, நடுவுல ஒரு வரி, "சீனப் புத்தகங்களை இப்போது கணினியே வகைப்படுத்திவிடுகிறது"ன்னு. அப்படியா சார்? அப்ப 19 வருஷமா நான் இங்க ஒரு லைப்ரரில சீனப் புத்தகங்களுக்கு கேட்டலாக் போட்டுக்கிட்டிருக்கறது வெட்டி வேலைன்னு சொல்லுங்க, நாளைக்கே பேப்பர் போட்டுடறேன்.

தைவான்ல அச்சான ஒரு பழைய புத்தகத்துல வருஷம் 72ன்னு இருந்துச்சு. டவுன்லோட் பண்ணின ரெக்கார்டு, அதாவது புத்தகத்தோட விவரக் குறிப்பு, 1972ங்குது, கம்ப்யூட்டரும் சத்தமில்லாம வாங்கிக்கிச்சு. அது அவங்க குடியரசு ஆண்டுக் கணக்கு சார், 1911ஐக் கூட்டணும், 1983. பிடிச்சது மனுஷ கண்ணுதான்.

பேர் விஷயம் இன்னும் கூத்து. குடும்பப் பேர் ஒரே சீன எழுத்துதான், ஆனா சீனத்துல பேச்சுக்குப் பேச்சு ஒலி மாறும், ஹொக்கியன்காரங்களுக்கு டான், கேன்டனீஸ்ல சான், மாண்டரின்ல சென். அட்டைல டான்னும் உள்ள சென்னும் இருந்தா ரெண்டும் ஒரே ஆளான்னு தேடிப் பார்த்து முடிச்சுப் போடணும். இதுக்கு நேர் எதிரா ஜாங்னு ரெண்டு குடும்பப் பேர் இருக்கு, ஒலி ஒண்ணு, இழுக்கற ராகமும் ஒண்ணு, எழுத்துதான் வேற, சொந்தமும் இல்ல பந்தமும் இல்ல.

பழைய ரெக்கார்டுங்க தனிக் கதை. அமெரிக்காவோட காங்கிரஸ் நூலகம் 2000 அக்டோபர் 1லதான் சீனத்தை இங்கிலீஷ் எழுத்துல எழுதற வேட்-ஜைல்ஸ் முறையை விட்டுட்டு, இப்ப சீனாவுல இருக்கற பின்யின் முறைக்கு மாறுச்சு. அந்தப் பழைய முறையில டாங்ல முதல் எழுத்துக்குப் பக்கத்துல மேல ஒரு சின்ன கொக்கி இருந்தா டாங் அரச வம்சம், டைப் பண்றவர் கொக்கியை விட்டுட்டா கோமின்டாங்ங்கற சீனக் கட்சியோட பேர்ல வர்ற டாங், அதுக்கு அர்த்தமே கட்சி! ராஜாக்களைக் கட்சி ஆபீஸ்ல உக்கார வச்ச ரெக்கார்டை நானே திருத்தியிருக்கேன். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காம விட்டா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாததா.

தெரியாதோ என்னமோ. மூணு வருஷம் முன்னாடி நான் எழுதின கடிதத்தை ரெண்டு வரியா நறுக்கி, இனிஷியலையும் மாத்திப் போட்டீங்க. அந்தக் கடிதமே பேரைப் பத்தித்தான், நம்மாளுங்களுக்குக் குடும்பப் பேரும் கிடையாது, அப்பா பேர்ல முதலெழுத்து மட்டும் முன்னால நிக்குது, அதை இங்கிலீஷ்ல ஆளுக்கொரு மாதிரி எழுதறாங்க, தமிழ்ப் புத்தகத்துக்கு கேட்டலாக் போடறவங்க படற பாட்டை ஒரு கட்டுரையா போடுங்கன்னு கேட்டேன். அதுக்கு இடமில்ல, நடிகை வீட்டு நாய்க்குட்டிக்கு ரெண்டு பக்கம் இருந்துச்சு.

பெருசா ஒண்ணும் கேக்கல. அதே இதழ் 14ஆம் பக்கத்துல ஷி ஜின்பிங்கை "திரு. ஜின்பிங்"னு போட்டிருக்கீங்க. ஷிதான் குடும்பப் பேர், அதான் முன்னால வருது. அதை மட்டும் அடுத்த இதழ்ல திருத்திடுங்க. எப்படியும் இனிஷியலை மாத்துவீங்க, அதனால இந்தத் தடவை பேரே போடல.

இப்படிக்கு,
ஒரு கேட்டலாகர், சிங்கப்பூர்