ஐந்தாம் இடத்துக் கேப்டனுக்கு

மதிப்பிற்குரிய அம்ப்ரோசியோ பாடில்யா அவர்களுக்கு,

நீங்கள் 1996இலேயே மறைந்துவிட்டீர்கள். ஆனாலும் 1936 பெர்லின் ஒலிம்பிக்கின் கூடைப்பந்து முடிவுகளைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு வரும் கோபத்தை வேறு யாரிடம் சொல்வது? பிலிப்பைன்ஸ் அணியின் கேப்டன் நீங்கள்தானே.

கூடைப்பந்து ஒலிம்பிக்கில் சேர்ந்ததே அந்த ஆண்டுதான். மரத்தளம் கிடையாது, கூரையும் கிடையாது. டென்னிஸ் ஆடும் மண் தரையில் கம்பம் நட்டு ஆடச் சொன்னார்கள். இறுதி ஆட்டத்தன்று மழை பெய்து தரை சேறாகிவிட, பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவே முடியவில்லை. அமெரிக்கா கனடாவை 19-8 என்று வென்றது. இரண்டு அணிகளும் சேர்ந்து எடுத்ததே 27 புள்ளிகள்!

அந்த மைதானத்தில் உங்கள் அணி மெக்சிகோவை 32-30, எஸ்டோனியாவை 39-22, இத்தாலியை 32-14, உருகுவேயை 33-23 என்று வென்றது. தோற்றது ஒரே ஒரு ஆட்டத்தில், அமெரிக்காவிடம், 56-23. உங்கள் நாட்டை அப்போது ஆண்டவர்களும் அவர்கள்தான், இந்த ஆட்டத்தை உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களும் அவர்கள்தான்.

அந்தத் தோல்வி காலிறுதியில் வந்து தொலைத்தது. ஆரம்பச் சுற்றுகளில் தோற்றவர்களுக்கு மறுவாய்ப்பு உண்டு. காலிறுதியில் தோற்றால் இல்லை. உங்களிடம் தோற்ற மெக்சிகோ அந்த மறுவாய்ப்பில் உள்ளே வந்து அரையிறுதிவரை போய்விட்டது. போலந்தின் கதை இன்னும் வேடிக்கை. அதே ஒலிம்பிக்கின் கால்பந்துத் தகராறில் பெரு நாட்டார் கோபித்துக்கொண்டு ஊர் திரும்பிவிட, போலந்து காலிறுதியை ஆடாமலே அரையிறுதிக்குப் போனது. கடைசியில் அந்தப் போலந்தை வென்று மெக்சிகோ வெண்கலம் வாங்கியது. உங்களுக்கு ஐந்தாம் இடம். ஒலிம்பிக் ஆண்கள் கூடைப்பந்தில் அதற்கு மேல் எந்த ஆசிய அணியும் இன்றுவரை போகவில்லை என்பது பெருமைதான். ஆனால் ஐந்தில் நான்கை வென்றவர்களுக்கு அந்தப் பெருமை போதுமா? சட்டம் படித்த நீங்கள் அந்தப் போட்டி விதிகளைப் படித்துவிட்டு எப்படிப் பேசாமல் கப்பல் ஏறினீர்கள்?

1954இல் ரியோ டி ஜெனிரோ உலகப் போட்டியில் அடுத்த தலைமுறை வெண்கலம் கொண்டுவந்தது. அதே ஆண்டு நீங்கள் அதிபர் மக்சேசேயின் அரசில் சொலிசிட்டர் ஜெனரல், அதாவது அரசுக்காக வாதாடும் தலைமை வழக்கறிஞர். இந்த இடம் எனக்கு முக்கியமானது. பின்னாளில் ஃப்ரெடி வெப், ராபர்ட் ஜவோர்ஸ்கி, மேனி பக்கியாவ் எல்லோரும் விளையாட்டில் சம்பாதித்த பெயரோடு செனட்டுக்குப் போனார்கள். உங்களுக்கோ பந்துக்கும் வாக்குக்கும் நடுவே ஏறத்தாழ இருபது ஆண்டுச் சட்ட வாழ்க்கை இருந்தது. குற்றவியல் சட்டத்துக்கு நீங்கள் எழுதிய விளக்க நூல் வழக்கறிஞர்கள் கையில் புழங்கியது. 1957இல் லிபரல் கட்சி சார்பில் செனட்டர் ஆனீர்கள். 1969இல் மார்க்கோஸ் மீண்டும் அதிபரான தேர்தலில் எட்டு செனட் இடங்களில் லிபரல் கட்சிக்குத் தேறியவை இரண்டே. அதில் ஒன்று உங்களுடையது. நாட்டின் அமெச்சூர் விளையாட்டு அமைப்புக்கும் தலைமை தாங்கினீர்கள். 1972இல் ராணுவச் சட்டம் வந்து செனட்டின் கதவையே பூட்டியது.

மார்க்கோஸ் நாட்டைவிட்டு ஓடிய பிறகு, 1986இல் புதிய அரசியல் சாசனம் எழுத அமைந்த ஆணையத்துக்கு நீங்கள் துணைத்தலைவர். அந்தச் சாசனத்தில் விளையாட்டுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. உடற்கல்வியையும் அமெச்சூர் விளையாட்டையும் சர்வதேசப் போட்டிகளுக்கான பயிற்சியையும் அரசு ஊக்குவிக்க வேண்டும் என்கிறது அது. ஒலிம்பிக் கேப்டன் ஒருவர் துணைத்தலைவராக இருந்த அவைக்குப் பொருத்தமான பிரிவுதான்.

கூடைப்பந்துச் சங்கத்துக்குள் அடித்துக்கொள்பவர்களை என்ன செய்வது என்பதற்குத்தான் அதில் பிரிவு இல்லை. தலைமைச் சண்டை முற்றி, 2005இல் சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபா உங்கள் நாட்டை இடைநீக்கம் செய்தது. அந்த ஆண்டு தென்கிழக்கு ஆசிய விளையாட்டை நடத்தியதே பிலிப்பைன்ஸ்தான். தெருவுக்குத் தெரு கூடைப்பந்து ஆடும் நாட்டில், சொந்த மண்ணில் நடந்த போட்டியில் கூடைப்பந்தே இல்லை. தடை நீங்க 2007 ஆயிற்று. இரு தரப்பையும் உங்கள் அலுவலகத்தில் எதிரெதிரே உட்கார வைத்திருந்தால் ஒரே வாரத்தில் வழக்கு முடிந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அன்புடன்,
ஒரு கூடைப்பந்து ரசிகன்