வேடர் குலச் சடங்குக்குத் தோள்கொடுத்தோருக்கு நன்றி மடல்

பேரன்புடையீர்,

மூதூர் கிழக்கிலும் வெருகல் கரையிலும் வாழும், இலங்கையின் பழங்குடிகளான எமது வேடர் குடும்பங்களின் வருடாந்தச் சடங்கு, இம்முறை அதற்குரிய பழைய களத்திலேயே குறைவின்றி நிறைவேறியது. துணை நின்ற அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

2006ஆம் ஆண்டு யுத்தத்தில் எமது சனங்கள் வெருகல் ஆற்றைக் கடந்து வாகரை, மட்டக்களப்பு எனச் சிதறிப்போயினர். மீண்டு வந்தபோது களத்தைப் பற்றைக்காடு மூடியிருந்தது. நகரத்து மேடைகளில் ஆடிக்காட்டுமாறு அழைப்போரை நாம் குறைகூறவில்லை. ஆயினும் முன்னோர் இறங்கிவரும் மண்ணை மேடைக்குத் தூக்கிச் செல்ல இயலாது.

முதல் நன்றி எமது மூத்தோருக்கே உரியது. கப்பல் தெய்வத்துக்குரிய பாடலில் இளைஞரொருவர் ஓரடியைத் தவறவிட, பந்தற்காலில் சாய்ந்திருந்த முதிய தாயொருவர் வாயிலிருந்த வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, அவ்வடியை எடுத்துக்கொடுத்ததோடு நில்லாமல் மூன்று முறை சொல்லவும் வைத்தார். (அவ்விளைஞர் இனி மறக்கமாட்டார்.) 1911இல் வெளிவந்த, பிரித்தானிய மானிடவியலாளரான செலிக்மன் தம்பதியரின் ஆய்விலும் கிழக்குக் கரையோர வேடரின் கப்பல் தெய்வங்கள் பேசப்படுகின்றன. எனினும், பாடல் உயிரோடிருப்பது இத்தகைய தாய்மாரின் நாவில்தான்.

பற்றை வெட்டித் தந்த அயற்கிராமத்தவருக்கும், பவுசரில் குடிநீர் கொண்டுவந்த மூதூர் முஸ்லிம் சகோதரர்களுக்கும், காட்டுத்தேன் தந்த உறவுகளுக்கும், பாடல்களை ஒலிப்பதிவு செய்து, பிரதியொன்றை ஊரிலேயே ஒப்படைத்த மாணவருக்கும் கடமைப்பட்டுள்ளோம். பதிவு செய்வோர் பலர் வருவர்; பிரதி தருவோர் சிலரே.

களத்துக்குச் செல்லும் பாதையில் நடப்பட்டிருந்த எல்லைக்கற்கள் குறித்து அதிகாரிகளுக்கு மனு வரைந்து தந்த சட்டத்தரணிகளுக்குத் தனி நன்றி கூறவேண்டும். 2007இல் இலங்கையும் ஆதரித்து வாக்களித்த, பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் பிரகடனத்தின் 25ஆம் உறுப்புரை, நிலத்தோடு மட்டுமன்றி நீர்நிலைகளோடும் கரையோரக் கடலோடும் பழங்குடிகளுக்குள்ள ஆன்மிக உறவை ஏற்கின்றது என்பதை அவர்கள் வாயிலாகவே எம்மிற் பலர் அறிந்தோம். கடலிலும் காட்டிலும் சீவிக்கும் எமக்கு அது பெரும் பலம். மனுவுக்கான பதில் இன்னும் வரவில்லை.

வரவு செலவுக் கணக்கு ஊர்ப் பெரியவரிடம் உள்ளது. உதவியோர் எவரும் பார்வையிடலாம். இரவலாகப் பெற்ற கிடாரங்களும் படங்குகளும் உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டுவிட்டன. எவருக்கேனும் கிடைக்கவில்லையெனில் தயவுசெய்து அறியத் தாருங்கள்.

இங்ஙனம்,
சடங்கு ஏற்பாட்டுக்குழு இளையோர்,
மூதூர் கிழக்கு, திருகோணமலை.