பின் லைட் விஷயமாக

அன்பின் மகனுக்கு,

உன் கெப் வண்டியின் பின்னால் புதிய லைட் இரண்டை எப்படிப் பூட்டுவது என்று நீ கேட்டதற்கு முதலில் பதில் எழுதிவிடுகிறேன், அப்புறம் வீட்டுக் கதை. ரிவர்ஸ் லைட் வயரிலிருந்து புதிய லைட்டுக்கு நேரே கொடுக்காதே. கம்பனிக்காரன் அந்த வயரைச் சின்ன பல்புக்காக இழுத்தான், உன் லைட்டுக்காக அல்ல. ரிலே போடு, சின்னக் கரன்டால் பெரிய கரன்டைத் திறந்து மூடும் சுவிச் அது. அதன் பின்களில் நம்பர் இருக்கும்: 30க்கு பெட்டரி, 87க்கு லைட், 85க்கு ஏர்த், 86க்கு ரிவர்ஸ் வயர். எந்த வயர் என்று நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதே. எஞ்சின் ஓஃப், சுவிச் ஓன், ஹேண்ட் பிரேக் இழுத்து ரிவர்ஸில் போட்டுவிட்டு, பின்னால் போய் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார். ஏர்த் பிடிக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டு. பாதி ஃபோல்ட் (பழுது) ஏர்த்தில்தான் வரும் என்று பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கேட்டால் பையன்கூடச் சொல்லுவான்.

பியூஸ் பெட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஒரு சாண் தூரத்துக்குள். லைட்டுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு பியூஸ் போட்டேன் என்று சொல்லாதே. நடுவில் வயர் உரசி செசியில், வண்டியின் இரும்புச் சட்டத்தில், பட்டால், பெட்டரியிலிருந்து பட்ட இடம் வரை உள்ள வயர் தீப்பிடிக்கும், உன் பியூஸ் அந்தப் பக்கம் சும்மா பார்த்துக்கொண்டு இருக்கும். உன் லைட் ஒன்று 18 வொட், இரண்டும் 36. 12ஆல் வகுத்தால் 3 அம்பியர். 5 அம்பியர் பியூஸ் போதும். வேலை தொடங்குமுன் பெட்டரியின் மைனஸைக் கழற்று.

உனக்கு வகுத்தல் சொல்லித் தருகிறேன் பார். ஓ.எல். பாஸ் பண்ணாத அப்பா, இஞ்சினியர் மகனுக்கு. நீ என்னிடம் கேட்டதை கராஜில் மூன்று பேருக்குச் சொல்லிவிட்டேன். "போனில் வீடியோ பார்த்தால் தெரியாதா, ஏன் உங்களைக் கேட்கிறான்?" என்றான் ஒருவன். நான் பதில் சொல்லவில்லை. எனக்கும் அதுதான் விளங்கவில்லை. நாலு மாதம் குரலே இல்லை. வந்த மெசேஜில் அம்மா எப்படி என்று ஒரு வார்த்தை கிடையாது, ரிலே எப்படி என்று கேட்டிருக்கிறாய். சரி, அதையாவது கேட்டாயே.

அம்மாவின் பிரஷர் பரவாயில்லை. ஆடிவேல் அன்று செட்டியார் தெருவுக்குப் போக வேண்டும் என்று நின்றாள். வெயிலைப் பார்த்து நான் விடவில்லை, இரண்டு நாள் பேசவில்லை. அக்காவின் சின்னவன் சைக்கிள் ஓட்டுகிறான். மருமகள் பொங்கலுக்குக் கதைத்தாள், அதற்குப் பிறகு இல்லை. அம்மா கேட்டால், அவுஸ்திரேலியாவில், பேர்த்தில், இரண்டரை மணித்தியாலம் முன்னே போகிறது, நேரம் ஒத்துவராது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரிலேக்கு நீ காட்டிய இடம் நல்ல இடம்தான். ஆனால் வயரைப் பின் சீட்டுக்கு அடியால் கொண்டுபோவதென்றால் சீட்டில் கிடக்கும் சாமான்களை முதலில் எடு. போர்வையும் தலையணையும் எண்ணெய் பட்டுவிடும். அந்தத் தலையணை உறை அம்மா தைத்தது, எம்பிராய்டரி நூலைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஜன்னலில் ஹேங்கரில் மூன்று சேர்ட் தொங்குகிறது, அதையும் தள்ளி வை. படத்தை அம்மாவுக்குக் காட்டவில்லை.

இனி நீ கடைசி வரியில் கேட்டது. எஞ்சினை ஓஃப் பண்ணிவிட்டு இரவு முழுக்கப் பின் லைட்டைப் போட்டு வைத்தால் பெட்டரி இறங்குமா என்று. இறங்கும். 3 அம்பியர் எட்டு மணித்தியாலம் என்றால் 24. உன் கெப்பில் (நீங்கள் யூட் என்கிறீர்கள்) இருப்பது 70 அம்பியர் மணித்தியாலப் பெட்டரி என்று வைத்துக்கொண்டாலும் மூன்றில் ஒரு பங்கு ஒரே இரவில் போய்விடும். குளிரில் இன்னும் மோசம். மீட்டர் வைத்துப் பார்: 12.6 வோல்ட் என்றால் நிறைந்த பெட்டரி, 12.2 என்றால் பாதி. அதற்குக் கீழே விடாதே. விட்டால் காலையில் டக் டக் என்று மட்டும் கேட்கும்.

நாற்பது வருஷமாக வயரிங் செய்கிறேன், மகன். வண்டியைப் பின்னுக்கு எடுப்பவனுக்கு அரை நிமிட வெளிச்சம் போதும்.

பெரிய மாமாவின் விஷயம் நடந்த வருஷம், 1996. நீ மொண்டிசோரி போகத் தொடங்கிய வருஷம். அப்பா குருநாகலில் லொறி வேலைக்குப் போனார், 19 நாள் வரவில்லை என்று அம்மா சொல்லியிருப்பாள். நான் குருநாகலுக்குப் போகவில்லை. மாமாவுக்காக நான் போட்ட கையெழுத்தால் அம்மாவின் தாலிக்கொடி அடகில் இருந்தது. அதை மீட்க முடியாது என்று தெரிந்த அன்று வீட்டுக்குப் போக முகமில்லை. வயரிங்குக்கு வந்த இஸுசு லொறி ஒன்று கராஜுக்கு வெளியே ஒழுங்கையில் நின்றது. அதற்குள் படுத்தேன். வீட்டிலிருந்து நடந்தால் இருபத்தைந்து நிமிடம்.

ஜனவரியில்தான் மத்திய வங்கியில் குண்டு வெடித்திருந்தது. குண்டு வந்தது லொறியில். அந்த நேரம் கொழும்பில் லொறிக்குள் ஒரு தமிழன் படுத்திருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். இரண்டாம் நாள் இரவு டோர்ச் அடித்துத் தட்டினார்கள். கராஜ் பாஸ் சாரத்தோடு ஓடிவந்து, இவன் நம்ம ஆள் என்று சிங்களத்தில் சொல்லி மீட்டார். ஏன் இங்கே படுக்கிறாய் என்று அவரும் கேட்கவில்லை. காலையில் ஒரு பிளேன்டீ அனுப்பினார்.

அதற்குப் பிறகு லொறியின் பின்கதவுக்கு மேலே ஒரு பல்ப் கட்டினேன். உள்ளே வெளிச்சம் இருந்தால் வெளியே நிற்கிறவன் உன்னைப் பார்ப்பான், வெளியே இருந்தால் நீ அவனைப் பார்க்கலாம். இதை எந்த வயரிங் பாஸும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நாலாம் நாள் பெட்டரி செத்தது. லொறிக்காரர் வந்து ஸ்டார்ட் ஆகவில்லை என்று கத்த, ஃபோல்டைக் கண்டுபிடிக்க பாஸ் என்னையே அனுப்பினார். நானும் மீட்டரை வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் தேடினேன்!

அம்மா இன்றுவரை குருநாகல் என்றுதான் சொல்கிறாள். நம்புகிறாளா என்று நான் கேட்டதில்லை. இருபதாம் நாள் வீட்டுக்குப் போனபோது கொடி எங்கே என்று அவளும் கேட்கவில்லை, சோறு போட்டாள். நீ வாசலில் நின்று, குருநாகலில் யானை இருக்கிறதா என்று கேட்டாய். பெரிய கல் யானை இருக்கிறது என்றேன். அதற்கு மேல் கேட்பாயோ என்று பயமாக இருந்தது.

சுவிச் விஷயம் விட்டுப்போனது. மூன்று நிலைச் சுவிச் வாங்கு, நடுவில் ஓஃப். ரிலேயின் 86ஐ, மேலே சொன்னபடி ரிவர்ஸ் வயருக்கு நேரே கொடுக்காமல், சுவிச்சின் நடுப் பின்னுக்குக் கொடு. ஒரு பக்கம் ரிவர்ஸ் வயர், மறுபக்கம் சின்ன பியூஸ் வழியாக பெட்டரி. சோம்பலில் ரிவர்ஸ் வயரிலேயே இன்னொரு சுவிச்சைக் கோர்த்தால் கரன்ட் திரும்பிப் போய் வண்டியின் சொந்த ரிவர்ஸ் லைட்டும் எரியும், கமராவும் விழித்துக்கொள்ளும். சுவிச்சில் எரியும் சின்னச் சிவப்பு பல்ப் இருக்கட்டும், மறந்து போட்டபடி ரோட்டில் ஓடினால் பின்னால் வருகிறவனுக்குக் கண் தெரியாது. பியூஸ் பெட்டரிக்குப் பக்கத்தில், மறக்காதே.

யோசித்துப் பார்த்து, நானே கட்டித் தருவது நல்லது என்று நினைத்தேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முழுதாகக் கட்டிவிட்டேன். ரிலே, பியூஸ் பெட்டி, ஆறு மீற்றர் வயர், ஒவ்வொரு நுனியிலும் தமிழில் எழுதி டேப் ஒட்டியிருக்கிறேன். பெட்டரி 12.2க்குக் கீழே இறங்கினால் தானாக வெட்டும் சின்னப் பெட்டி ஒன்றும் வாங்கிச் சேர்த்தேன், அது நீ கேட்காதது. அம்மா என்ன பார்சல் என்று கேட்டாள். கெப்புக்கு லைட் என்றேன். மிளகாய்த்தூள் இரண்டு பைக்கற்றும் பழைய கம்பளியும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

இதை எழுதி போனில் படம் எடுத்து நானே அனுப்புகிறேன், அக்காவிடம் கொடுத்தால் வாசித்துவிடுவாள். பார்சலை வியாழக்கிழமை போடலாம். பழைய விலாசம் என்னிடம் இருக்கிறது. அதற்கே அனுப்புவதா, வேறு விலாசமா என்று மட்டும் எழுது.

அப்பா