ஐயாயிரம் டன் மருந்தும் ஒரு பிடி உப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆர்மீனியரைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 301ஆம் ஆண்டில் கிறிஸ்தவத்தை அரச சமயமாக ஏற்ற நாடு என்று தொடங்கி, ஒட்டோமான் துருக்கியரின் ஆட்சியில் நடந்த 1915 படுகொலையைச் சொல்லி, துன்பத்திலும் விசுவாசம் தளராத மக்கள் என்று முடித்துவிடுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்த மக்களுக்காகக் காணிக்கை எடுக்கும் சபைகளுக்கு அது போதாது. எதைக் கொடுத்தால் உதவும், எது அவர்கள் தலைமேல் இன்னொரு சுமையாக ஏறும் என்பது அவர்களுடைய வரலாற்றிலேயே தெளிவாக இருக்கிறது.

1988 டிசம்பர் 7, காலை 11.41 மணி. அப்போது சோவியத் ஒன்றியத்தில் இருந்த ஆர்மீனியாவின் வடக்கே, ஸ்பிடாக் ஊரை மையமாகக் கொண்ட நிலநடுக்கத்தில் அந்த ஊரோடு லெனினகான் (இன்றைய கியூம்ரி), கிரோவகான் (இன்றைய வனட்சோர்) நகரங்களும் நொறுங்கின. சுமார் 25,000 பேர் மாண்டார்கள். ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் கடுங்குளிரில் வீடிழந்து நின்றார்கள். உலகம் இரங்கியது. 5,000 டன் மருந்தும் மருத்துவப் பொருள்களும் வந்து குவிந்தன, மதிப்பு 5.5 கோடி டாலர். என்னென்ன வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே 50 பேர் ஆறு மாதம் உழைக்க வேண்டியிருந்தது. 8 சதவீதம் வந்து இறங்கும்போதே காலாவதி. 4 சதவீதம் உறைபனியில் கெட்டது. மிஞ்சிய 88 சதவீதத்தில் எளிதாக அடையாளம் காண முடிந்தது 30 சதவீதம்தான்; அவசர காலத்துக்குப் பொருந்தியது 42 சதவீதம்தான்.

எங்கே பிசகியது? பெரும்பாலான பெட்டிகளில் மருந்தின் பொதுப்பெயர் இல்லை, கம்பெனி வைத்த பெயர் மட்டுமே இருந்தது; அதுவும் ஆளுக்கொரு மொழியில். இடிபாட்டிலிருந்து மீட்ட ஒருவருக்கு உடனே நுண்ணுயிர்க்கொல்லி போட வேண்டும். கையில் இருக்கும் அட்டையில் இருப்பது அதுதானா, சளி மாத்திரையா என்று மருத்துவருக்குத் தெரியாவிட்டால் அது மருந்தே அல்ல. குளிரும் சும்மா விடவில்லை. திரவ மருந்து உறைந்தால் குப்பி வெடிக்கும். இன்சுலின் ஒருமுறை உறைந்தால் போதும், பிறகு உருகினாலும் வேலை செய்யாது. பார்வைக்கு நல்லதுபோலவே இருக்கும் என்பதுதான் ஆபத்து.

இது போன்ற அனுபவங்களுக்குப் பிறகுதான் 1996இல் உலக சுகாதார நிறுவனமும் நிவாரண அமைப்புகளும் மருந்து தானத்துக்கு விதிமுறை வகுத்தன. உலகத் திருச்சபைகள் மன்றத்தின் மருத்துவப் பிரிவும் அதில் பங்கெடுத்தது. பெறுபவர் கேட்டதை மட்டும் அனுப்பு. போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் இருக்கட்டும். பொதுப்பெயரை அங்குள்ள மருத்துவருக்குப் புரியும் மொழியில் எழுது. நோயாளி பாதி தின்று திருப்பிக் கொடுத்த மாத்திரையை அனுப்பாதே. நம் சபைகளில் 'மருந்து சேகரிப்பு' என்று பெட்டி வைப்பவர்கள் இந்த நான்கையும் அந்தப் பெட்டியின் மேலேயே ஒட்டிவைக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக ஆர்மீனியத் திருச்சபையிடம் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது: மதாக். 'உப்பைப் படைத்தல்' என்று அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்கிறார்கள். நோய் தீர்ந்த நன்றிக்காகவோ இறந்தவர் நினைவாகவோ ஒரு குடும்பம் ஆட்டையோ சேவலையோ நேர்ந்துகொள்ளும். குருவானவர் உப்பை ஆசீர்வதிப்பார். அறுப்பதற்கு முன் அந்த உப்பை விலங்குக்கு ஊட்டுவார்கள். பிறகு இறைச்சியை வெறும் தண்ணீரில், அதே உப்பை மட்டும் போட்டு வேகவைப்பார்கள். மசாலா கிடையாது. லவாஷ் என்னும் மெல்லிய ரொட்டியோடு வீடு வீடாகப் போகும்: வழக்கத்தில் சேவல் என்றால் 3 வீடு, ஆடு என்றால் 7, காளை என்றால் 40. மறுநாளைக்கு எடுத்து வைக்கக் கூடாது. பாவம் போக்கும் பலியாகத் திருச்சபை இதைக் கருதுவதில்லை. அந்தப் பலி சிலுவையில் ஒரே தடவையாக முடிந்தது, இது இரக்கத்தின் விருந்து என்பதே அதன் போதனை. நம் ஊர்க் கிடாவெட்டோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

உதவி செய்யப் புறப்படுகிறவர்களுக்கு வேண்டியதெல்லாம் இந்தச் சட்டியில் இருக்கிறது. பெறுபவர் அன்றைக்கே உண்ணக்கூடியது, கெட்டுப்போவதற்குள் கைக்குப் போவது, எத்தனை வீட்டுக்கு எட்டும் என்று முன்பே கணக்கிட்டது. இன்னொன்றும் உண்டு: ஏழை வீடு, பணக்கார வீடு என்று பிரிக்காமல் அண்டை வீட்டுக்கெல்லாம் போவது.

அண்டை வீட்டுக்கும் போவது ஏன் முக்கியம் என்பது 2023க்குப் பிறகு கண்கூடு. அஜர்பைஜானுக்குள் ஆர்மீனியர் வாழ்ந்த மலைப்பகுதி நகோர்னோ கராபாக். அதை ஆர்மீனியாவோடு இணைத்த லாச்சின் பாதை 2022 டிசம்பர் முதல் அடைபட்டுப் பட்டினியில் வாடிய அந்த மக்கள், 2023 செப்டம்பர் 19, 20 தேதிகளில் நடந்த அஜர்பைஜான் தாக்குதலுக்குப் பின் ஒரே வாரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேலாகக் எல்லைக்கு அருகிலுள்ள கோரிஸ் நகர் வழியே ஆர்மீனியாவுக்குள் வந்தார்கள். அவர்களுக்கு இடம் கொடுத்த கிராமங்களும் வறியவைதான். அகதிக்கு மட்டும் பொட்டலம், பக்கத்து வீட்டுக் கிழவிக்கு இல்லை என்றால் மூன்றாம் மாதமே மனக்கசப்பு வந்துவிடும். பத்துப் பங்கில் மூன்றையாவது உள்ளூர் ஏழைகளுக்கு ஒதுக்குங்கள் என்பது எங்கள் வேண்டுகோள்.

பொட்டலத்தைவிடப் பெரிய சிக்கல் வீடு. 1988இல் 'இரண்டே ஆண்டில் கட்டித் தருகிறோம்' என்று சோவியத் அரசு வாக்களித்தது. 1991இல் அந்த நாடே இல்லாமல் போனது. தற்காலிகமாகக் கொடுத்த 'டோமிக்' என்னும் தகரக் கூடுகளில் முப்பது ஆண்டு கழித்தும் கியூம்ரியில் குடும்பங்கள் வாழ்ந்தன. அடித்தகடு துருப்பிடித்து எலி நுழையும், கூரை ஒழுகும், சுவரின் உட்பக்கம் பனி பூக்கும். அந்தக் கூட்டில் பிறந்து வளர்ந்து மணம் முடித்த பிள்ளைகளின் பெயர் வீடிழந்தோர் பட்டியலில் இருக்காது.

கராபாக் மக்களுக்கு ஆர்மீனிய அரசு முதலில் தலைக்கு 1,00,000 திராம் (ஆர்மீனிய நாணயம்) ஒருமுறையும், வாடகைக்கும் மின்சாரம், எரிவாயுவுக்கும் மாதம் 50,000 திராமும் கொடுத்தது. பின்னாளில் இந்த மாத உதவி சுருக்கப்பட்டது. 2024இல் வீடு வாங்கவோ கட்டவோ ஊரைப் பொறுத்து தலைக்கு 30 லட்சம் முதல் 50 லட்சம் திராம் என்று திட்டம் வந்தது. உயர்ந்த தொகை எல்லையோர ஊர்களுக்கு. ஆர்மீனியக் குடியுரிமை பெற்றால்தான் கிடைக்கும். கணக்கு தலைக்கு இவ்வளவு என்பதால் ஐந்து பேர் உள்ள குடும்பம் ஓரளவு சமாளிக்கும். தனித்து நிற்கும் விதவையாலும் வயதான தம்பதியாலும் ஒரு கூரையைக்கூட வாங்க முடியாது. திருச்சபைப் பணம் போக வேண்டியது அந்த இடைவெளிக்குத்தான்: பற்றாக்குறைத் தொகை, பழைய வீட்டுக்கு ஜன்னல், கூரைத் தகடு, அடுப்பு. கம்பளியும் பழைய துணியும் அங்கே தேவைக்கு மேல் இருக்கின்றன.

இங்கே டிசம்பர் 25ஐ ஒட்டிக் காணிக்கை எடுக்கிறோம். ஆர்மீனியத் திருச்சபைக்குக் கிறிஸ்து பிறப்பும் திருமுழுக்கும் ஒரே நாள், ஜனவரி 6. அதனால் காலம் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. கியூம்ரி ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். சுற்றுக் கிராமங்களில் விறகும் சாண வறட்டியும்தான் பலருக்குக் கணப்பு. தகர அடுப்பிலிருந்து ஒரு குழாய், கண்ணாடியை எடுத்த ஜன்னல் சட்டம் வழியாக வெளியே போகும். ஜனவரியில் பணம் வந்தால் கிடைப்பது ஈர விறகு. அது சரியாக எரியாது. குழாயின் உள்ளே கரும்பிசின் படிந்து அடைக்கும். புகை அறைக்குள்ளேயே திரும்பும், உறக்கத்தில் உயிரையும் எடுக்கும். கோடையில் வெட்டி உலர்ந்த விறகை முதல் பனிக்கு முன் இறக்கிவிட வேண்டும். அதற்கான பணம் செப்டம்பர் மாதமே அங்குள்ள பங்குக் குருவின் கையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நிவாரணப் பணியில் உள்ள வாசகர்கள்